தகடூர் நிலமும் சூழலியல் பாடமும்

சூழலியல், உயிரியலின் இளைய கிளைகளுள் ஒன்று. 1866-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதற்குப் பெயர் சூட்டினார். அதன் அடிப்படைகள் உருப்பெற மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. உணவுச் சங்கிலி, எண்ணிக்கைப் பிரமிடு ஆகியவற்றை ஆங்கிலேயரான சார்லஸ் எல்டன் 1927-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். ஆர்க்டிக் தீவுகளில் நரிகளையும் பறவைகளையும் கவனித்து அவர் கற்றவை அவை. உயிரினங்களோடு மண், நீர், காற்று ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்கும் சூழல் மண்டலக் கருத்தை 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி முன்வைத்தார். 1942-இல் ரேமண்ட் லிண்டமன், அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, உணவின் ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி செலவாகிச் சிறுபகுதியே அடுத்த படியை அடைகிறது என்று காட்டினார்.

இந்தக் கருத்துகள் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கு மெல்லத்தான் வந்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபின், கல்லூரியின் புகுமுக வகுப்பில் படித்த உயிரியல் பள்ளிகளுக்கு இறங்கி வந்தது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை சுற்றுச்சூழல் பாதுகாப்பைக் கல்வியின் மையக் கூறுகளில் ஒன்றாக ஏற்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி ஆணையிட்டது. அது சரிவர நிறைவேறாததால் 2003 டிசம்பரில் மீண்டும் அழுத்திச் சொல்ல நேர்ந்தது. இடையே 2001-02-இல் தேசிய பசுமைப் படை பள்ளிகளில் தொடங்கியது. 2018-இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் நூல் சூழ்நிலையியல் கோட்பாடுகள், சூழல்மண்டலம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் என்று அடுத்தடுத்த பாடங்களைக் கொண்டிருக்கிறது. விலங்கியல் நூல் இனக்கூட்டம் பற்றியும் பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றியும் பேசுகிறது.

மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் என்பதால் அதன் எடுத்துக்காட்டுகள் குளம், புல்வெளி, காடு என்று பொதுவாகவே இருக்க முடியும். ஆனால் தருமபுரி மாவட்டத்துக்கு வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. அந்தப் பாடத்தின் ஒவ்வொரு கருத்தும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. கல்லிலும் அரசுப் பதிவேட்டிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் அதற்குச் சான்று இருக்கிறது.

பாடம் உயிரற்ற காரணிகளில் தொடங்கும். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து, 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்த இன்றைய தருமபுரி ஒரு பீடபூமி. மேற்கே காவிரிக் கரைக் காடுகள், தெற்கே சேர்வராயன் மலையின் அடிவாரம், கிழக்கே சித்தேரி மலை என மூன்று பக்கமும் காடும் மலையும் சூழ்ந்திருக்கின்றன. ஆண்டு மழை 850 மில்லிமீட்டரை ஒட்டியது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலும் அது பங்கிட்டுப் பெய்கிறது. எந்தப் பருவத்தையும் முழுதாக நம்ப முடியாது. அடியில் பழமையான கெட்டிப் பாறை, மேலே ஆழமில்லாத செம்மண். இப்படிப்பட்ட மண்ணும் மழையும் எந்தப் பயிரைத் தாங்கும் என்பதைக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அவரையும் நெடுங்காலமாகக் காட்டிவந்திருக்கின்றன. நெல், ஏரிக்குக் கீழும் ஆற்றோரத்திலும் மட்டுமே விளைந்தது. அயல்பயிர் வந்த கதையும் இங்கே மிகப் பழையது. தகடூர் என்ற பழம்பெயருடைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்ற செய்தி புறநானூற்றில் ஔவையார் பாடலில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு தாவரம் ஒரு நிலத்தில் நிலைபெற்றதைப் பெருமையோடு நினைவுகூரும் பதிவு அது.

உணவுச் சங்கிலிக்கு இந்த மாவட்டத்தில் கிடைக்கும் சான்று நடுகல். தருமபுரியிலும் அதை அடுத்த செங்கம் பகுதியிலும் வட்டெழுத்து பொறித்த நடுகற்கள் ஏராளம். பல்லவர் காலம் தொட்டு அவை நாட்டப்பட்டிருக்கின்றன. 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைப் படியெடுத்து நூல்களாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆநிரை கவரும் பூசலில் அல்லது கவர்ந்த ஆநிரையை மீட்கும் பூசலில் இறந்தவர்களுக்கு எடுத்தவை. வேறு சில, புலியோடு பொருது மாண்டவர்களுக்கு உரியவை. மழை குறைந்த மேட்டுநிலத்தில் சூரிய ஆற்றலைப் பெருமளவில் பிடித்துவைப்பது புல். அந்தப் புல்லை மனிதனுக்குப் பாலாகவும் எருவாகவும் உழவு வலிமையாகவும் மாற்றித் தருவது மாடு. அதனால் செல்வம் மாட்டில் இருந்தது, சண்டையும் மாட்டுக்காகவே நடந்தது. அதே மாட்டைத் தேடிப் புலியும் வந்தது. உற்பத்தியாளர், முதல்நிலை நுகர்வோர், ஊனுண்ணி என்று பாடநூல் வரையும் அம்புக்குறிப் படத்தில் மனிதனும் புலியும் ஒரே இரைக்குப் போட்டியிட்டதை இந்தக் கற்கள் சொல்கின்றன. நூற்றுக்கணக்கான மாட்டுப் பூசல் கற்களுக்கு நடுவே புலிக்குத்திக் கற்கள் குறைவாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் அடுத்த படிக்குப் போகும் என்ற கணக்குப்படி, நிறையப் புல் சில மான்களையும் மாடுகளையும் தாங்கும். அவை மிகச் சில புலிகளைத் தாங்கும்.

புலி இங்கே நெடுங்காலம் இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் 1950-களில் வெளியிடத் தொடங்கிய நூல்களில் பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி வட்டாரங்கள் அடிக்கடி வருகின்றன. அவர் எழுதிய ஆட்கொல்லிக் கதைகளைச் சூழலியல் கண்ணோடு படித்தால் ஒன்று தெளிவாகும். காட்டில் இரை குறைந்து, காயம்பட்டோ முதுமையாலோ வேட்டையாட முடியாமல் போன விலங்குதான் மாட்டையும் மனிதனையும் நாடியது.

மேய்ச்சல் தனக்கென ஓர் இனத்தையும் வளர்த்தெடுத்தது. காவிரிக் கரை ஊரான ஆலம்பாடியின் பெயரைத் தாங்கிய மாடு வறட்சியைத் தாங்கும், கரடுமுரடான பாதையில் வண்டி இழுக்கும், காட்டுப் புல்லை மேய்ந்தே பிழைக்கும். மலையோரக் காடுகளில் பட்டி போட்டு நூற்றுக்கணக்கான மாடுகளை அடைத்து மேய்ப்பது பழைய வழக்கம். பட்டியில் சேரும் சாணம் கீழ்நாட்டு வயலுக்கு எருவாக விலைபோயிற்று. காட்டின் புல் வழியே மண்ணிலிருந்து எடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாணமாகிக் கேழ்வரகு வயலுக்குச் சென்றன. பாடநூல் ஊட்டச்சத்துச் சுழற்சியை ஒரு மூடிய வட்டமாக வரைகிறது. பட்டிச் சாணம் அந்த வட்டத்தின் ஒரு கசிவைக் காட்டுகிறது: வயல் செழித்த அளவுக்குக் காடு கொடுத்துக்கொண்டே இருந்தது. டிராக்டர் வந்ததும் ஆலம்பாடி மாடு அருகிப்போயிற்று; இனத்தைக் காக்க அரசு இந்த மாவட்டத்தில் ஓர் ஆராய்ச்சி மையமே அமைக்க வேண்டியதாயிற்று.

இனக்கூட்டம் பற்றிய பாடம் பிறப்பு, இறப்பு, தாங்குதிறன் என்று வளைகோடுகளோடு வருகிறது. இங்கே அதற்குச் சான்று ஒரு பெரும்பஞ்சம்; அதன் முன்கதை நிலத்தீர்வில் தொடங்குகிறது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்தப் பகுதி அடங்கிய பாரமகால் மைசூரிடமிருந்து ஆங்கிலேயரிடம் போனபின், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இந்த நிலத்தை வயல்வயலாக அளந்து தீர்வை விதித்தார்கள். மன்றோ தருமபுரியிலேயே தங்கிப் பணியாற்றினார். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இங்குதான் வடிவம் பெற்றது. தீர்வை பணமாகக் கட்ட வேண்டும் என்றானபோது தானியம் சந்தைக்குப் போனது. கேழ்வரகு பூச்சி எளிதில் விழாத தானியம். குழி வெட்டிப் புதைத்தால் பல ஆண்டுகள் கெடாது. அந்தச் சேமிப்புதான் வறண்ட நிலத்து மக்களின் காப்பு.

1876-இல் பருவமழை பொய்த்தது. அடுத்த ஈராண்டும் நீடித்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களை அழித்தது. அவற்றில் மிகக் கடுமையாக அடிபட்டவற்றுள் சேலமும் ஒன்று. தருமபுரி அப்போது அதன் பகுதி. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் அது 16 லட்சமாகக் குறைந்திருந்தது. 1891-இல்தான் ஏறக்குறையப் பழைய அளவை எட்டியது. வளைகோடு ஒன்று செங்குத்தாகச் சரிந்து மீண்டும் ஏறுவதைக் காட்ட இதைவிடத் தெளிவான எண்கள் வேண்டியதில்லை. ஆனால் இதைத் தாங்குதிறன் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது தவறு. பஞ்சக் காலத்திலும் நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. நிவாரண வேலையில் உடலுழைப்புக்குப் போதாத அளவுக்குக் கூலி குறைக்கப்பட்டது. மழை ஒரு கட்டுப்படுத்தும் காரணி. அரசு எடுக்கும் முடிவும் அதே அளவுக்குக் கட்டுப்படுத்தும் காரணி. மான் கூட்டத்துக்கும் மனிதக் கூட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஆசிரியர் வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

காட்டின் வரலாறும் இதே காலத்தில் திரும்பியது. 1856-இல் ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை அமைந்தது. 1860-களின் தொடக்கத்தில் மொரப்பூர் வழியாகச் சேலத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் மரத்துக்கும் எஞ்சின் விறகுக்கும் தேவை பெருகியது. 1882-இன் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக்கி, மேய்ச்சலையும் விறகெடுப்பதையும் உரிமை என்ற நிலையிலிருந்து அனுமதி என்ற நிலைக்கு மாற்றியது. வெட்டிய காடு அப்படியே மீண்டும் வளரவில்லை. மண் அரித்து மெலிந்த சரிவுகளில் முட்புதரும் உயரம் குன்றிய மரங்களும் நின்றன. தாவர வழிமுறை வளர்ச்சி, புல்லில் தொடங்கிப் புதராகி முதிர்ந்த காடாகி முடியும் என்று பாடம் சொல்லும். ஆண்டுதோறும் தீயும் வெட்டும் மேய்ச்சலும் தொடரும் இடத்தில் அது பாதியிலேயே நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி அந்த இடைவெளியில் புகுந்து பரவியது. மாடும் மானும் அதை விரும்பி மேய்வதில்லை. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. புல் இருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டால் அடுத்த படிகளுக்குப் போகும் உணவு குறைந்துபோகும்.

உயிரினங்களுக்கிடையே உள்ள உறவுகளைப் பாடநூல் வகைப்படுத்துகிறது: ஒன்றுக்கொன்று உதவல், போட்டி, ஒட்டுண்ணி வாழ்வு. இவற்றில் பாதி ஒட்டுண்ணி என்ற வகைக்குச் சித்தேரி மலையின் சந்தன மரத்தைப் போல வேறு எடுத்துக்காட்டு அமையாது. சந்தனம் பச்சை இலையால் தன் உணவைத் தானே தயாரிக்கிறது. ஆனால் அதன் வேர் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றி, உறிஞ்சு உறுப்புகள் வழியே நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. துணை மரமின்றித் தனியே நட்ட சந்தனக் கன்று தேறாது. பழத்தைத் தின்னும் பறவைகளால் விதை பரவுகிறது. வாசனையுள்ள வயிரம் முற்றப் பல்லாண்டுகள் ஆகும். மைசூர் ஆட்சியிலும் பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சந்தனம் அரசின் உடைமையாகவே கருதப்பட்டது. மலையில் வாழும் மக்கள் தம் காட்டில் வளரும் மரத்தில் கைவைத்தால் குற்றவாளிகள். அதை வெட்டிக் கடத்திப் பணம் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேறு எங்கோ இருந்தார்கள்.

வாச்சாத்தியைச் சொல்லாமல் இந்த மரத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க இயலாது. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் உள்ளே புகுந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, மக்கள் தாக்கப்பட்டனர், பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். நெடிய போராட்டத்துக்குப்பின் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. காட்டைக் காப்பது என்ற பெயரில் காட்டோடு வாழ்பவர்களை எதிரிகளாக்கினால் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இந்த ஊர் சாட்சி. பாதுகாப்பு பற்றிய பாடத்தில் சரணாலயங்களின் பட்டியலைப் போலவே இதுவும் படிக்கப்பட வேண்டிய வரலாறு.

நீர்வாழ் மண்டலத்துக்கு மாவட்டத்தின் சான்று காவிரி. கரையில் நீர்மருது ஓங்கி நிற்கிறது. நீரில் முதலையும் நீர்நாயும் வாழ்கின்றன. ஒகேனக்கல்லில் மூங்கில் பின்னலால் செய்த பரிசலில் ஏறி மீன்பிடிப்பது தலைமுறைத் தொழில். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, ஓடும் ஆற்றின் ஒரு பகுதியைத் தேங்கும் நீராக்கியது. நாகமரை முதலான இடங்களில் நீர்த்தேக்கத்தின் பின்பகுதி இந்த மாவட்டத்துக்குள் விரிகிறது. ஓடும் நீரில் கரைந்த ஆக்சிஜன் அதிகம், அடியில் கல்லும் மணலும் இருக்கும். தேங்கும் நீர் அடியில் குளிர்ந்து, வண்டல் படிந்து, வேறுவகை உயிர்களுக்கு இடம் தரும். கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனுக்கு அணை மூடிய கதவாயிற்று. பாறையும் வேகமும் நிறைந்த நீரை நாடும் மகசீரும் சுருங்கியது. காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் எந்த இனம் என்பதை ஆய்வாளர்கள் 2018-இல்தான் அறிவியல்முறைப்படி உறுதிசெய்தனர். அதே ஆண்டில் அது மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மறுபக்கம், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் எந்த ஏரியிலும் எந்த நீரிலும் பெருகியது. தன் குஞ்சுகளை வாயிலேயே காக்கும் மீன் அது. ஏழை வீட்டுக்கு மலிவான புரதம் கொடுத்ததும் அதுவே, உள்ளூர்க் கெண்டைகளின் இடத்தைப் பிடித்ததும் அதுவே.

நிலத்தடி நீரின் கதை இன்னும் அருகில், மாணவர்களின் பற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளூரைடு கொண்ட தாதுக்கள் உண்டு. மழைநீர் பாறை விரிசல்களில் நெடுங்காலம் தங்கும்போது அது மெல்லக் கரைகிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் மேலும் எளிதாகக் கரைகிறது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், மாற்று வழி இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். அதற்கு மேற்பட்ட நீரைப் பல் உருவாகும் வயதில் குடித்த குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கறை நிலைத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. இந்த நோய் சென்னை மாகாணத்தில் புதிதன்று. 1937-லேயே நெல்லூர் மாவட்டத்தில் அது பதிவானது. தருமபுரியில் இதைப் பெரிதாக்கியது ஆழ்துளைக் கிணறு. ஏரியும் திறந்த கிணறும் மழையோடு புதுப்பிக்கப்படும் நீரைத் தந்தன. மோட்டாரும் துளையிடும் வண்டியும் வந்தபின் நெடுநாள் பாறையோடு கிடந்த ஆழ்நீர் குடத்துக்கு வந்தது. பாடநூல் மாசு என்றதும் ஆலைப் புகையையும் சாயக்கழிவையும் காட்டும். இங்கே காரணம் ஆலை இல்லை; இயற்கையில் அடங்கிக் கிடந்த ஒரு பொருளை மனிதத் தேவை மேலே இழுத்துவந்தது.

தீர்வு காவிரியிலிருந்து வந்தது. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 2013-இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றில் எடுத்த நீரைச் சுத்திகரித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் அது குழாய் வழியே அனுப்புகிறது. குழாய் நீர் போதாத நாளில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறார்கள் என்பதால் ஏரிகளைத் தூர்வாரி மேல்நீரைக் காப்பதன் தேவை குறையவில்லை.

பாடத்தின் இறுதிப் பகுதி பாதுகாப்பு. மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் இன்னும் காடு. 2014-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு சேர்ந்து இவை தொடர்ச்சியான யானைக் காடாகின்றன. அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் மாடு மேய்ப்பதைத் தடைசெய்தது. பின்னர் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. பட்டி வைத்திருந்த குடும்பங்களுக்கு அது வாழ்வுக் கேள்வி.

யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழை உண்ணும் விலங்கு. அந்த அளவு உணவுக்குப் பெரும்பரப்பு வேண்டும். பாதை நடுவே வயல் வரும்போது முற்றிய கேழ்வரகுக் கதிர் அதற்குக் காட்டுப் புல்லைவிடச் சத்தான தீனியாகிறது. காடும் வயலும் தொடும் ஓரத்தில் மோதல் கூடுவதற்குக் காரணம் அதுதான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிச் சட்டவிரோதமாக அமைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன்வந்த இரு குட்டிகள் பிழைத்தன. சூரிய மின்வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தந்து விலங்கை விரட்டும். மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுத்த கம்பியோ கொன்றுவிடும். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகளை வெளியிட்டது. காட்டையொட்டிய நிலங்களில் வேலி அமைக்க முன் அனுமதியும், ஏற்கெனவே உள்ள வேலிகளுக்குப் பதிவும் இப்போது கட்டாயம்.